வைட்டமின் வாங்கும் முன் கடிதம் வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்கான வரியில்லாக் கணக்கான ஹெச்.எஸ்.ஏ.வின் அட்டை கடையில் வேலை செய்துவிட்டால், வைட்டமினுக்கும் வரிவிலக்கு உண்டு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இது தவறு. பொதுவான ஆரோக்கியத்துக்காக வாங்கும் மல்டிவைட்டமின் செல்லாது. காய்ச்சல், வலி மாத்திரைகளை இக்கணக்கில் வாங்க மருந்துச்சீட்டு வேண்டாம் என்ற 2020 சட்டம் சத்து மாத்திரைகளைத் தொடவில்லை.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து போல, மருத்துவர் கண்டறிந்த நோய்க்கு அவர் பரிந்துரைத்தால் செல்லும். வாங்குவதற்கு முன்பே அவரிடம் கடிதம் பெறுங்கள். நோயின் பெயர், மாத்திரை, அளவு, எத்தனை மாதம், தேதி, கையொப்பம் எல்லாம் அதில் இருக்கட்டும். 'உடலுக்கு நல்லது' என்ற ஒற்றை வரி போதவே போதாது. கடிதத்தை ரசீதுடன் சேர்த்து வையுங்கள்; வரித்துறை கேட்டால் காட்ட வேண்டியது நீங்கள்தான். செலவு தகாதது என்றானால், 65 வயதாகாதவர்கள் அத்தொகைக்கு வருமான வரியும் அதற்குமேல் 20 சதவீதமும் கட்ட வேண்டும்.

– வரிக்கணக்கு தயாரிப்பாளர், டாலஸ்