எங்களிடமும் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள்

பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். மாநில அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவள். உங்கள் நாட்டு நகைச்சுவைத் தொடர்களும், பழைய காலத்தை மறுபடி கண்முன் நிறுத்தும் பீரியட் டிராமாக்களும் எனக்கு மிகவும் பிடித்தவை. அவற்றில் பழையது, புதியது எல்லாவற்றையும் வெட்டாமல், சப்டைட்டிலோடு, நியாயமான கட்டணத்துக்கு எங்கள் ஊரிலும் பார்க்க வழிசெய்யுங்கள். கேட்க வந்தது இது ஒன்றுதான். இலவசமாகக் கேட்கவில்லை. பணம் கட்டத் தயாராக இருக்கிறோம், கட்டுவதற்கு ஒரு கவுன்டரைத் திறந்து வையுங்கள் என்று கேட்கிறோம்.

சென்னையில் இந்தத் தொடர்களுக்கு ரசிகர்கள் நேற்று உருவானவர்கள் இல்லை. அண்ணா சாலை பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் புத்தகத்தோடு சேர்த்து வீடியோ கேசட்டும், பின்னாளில் டிவிடியும் இரவல் எடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒரு கேசட் திரும்பி வரும்வரை காத்திருந்து, வந்ததும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பிறகு கேபிளில் பிபிசி எண்டர்டெயின்மென்ட் வந்தது. 2012 இறுதியில் அது இந்தியாவை விட்டுப் போனது. பிரிட்டிஷ் தொடர்களை இணையத்தில் சந்தாவுக்குக் காட்டும் பிரிட்பாக்ஸ் 2017இல் அமெரிக்காவில் தொடங்கி, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று விரிந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரவில்லை. 2007 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி தொடங்கிய இணையச் சேவையான ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டும்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிபிசிக்குப் பணம் தரும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை அங்கே இருக்கும் குடும்பங்கள்தானே கட்டுகின்றன? அவர்கள் பணத்தில் நாங்கள் பார்க்கக் கூடாது என்பது சரியான வாதம். எங்கள் பணத்தில் நாங்கள் பார்க்கலாமே என்பதுதான் என் வாதம்.

இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டால் போயிற்று என்கிறார்கள் இளையவர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரு தொடரை உண்மையிலேயே மதிக்கிறவர், அதை எழுதியவருக்கும் நடித்தவருக்கும் போய்ச் சேரவேண்டிய காசு போகாமல் பார்க்க விரும்பமாட்டார்.

இவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் தொடர்கள் எதற்காக என்று நினைக்கலாம். 'யெஸ் மினிஸ்ட'ரையே எடுத்துக்கொள்கிறேன். 1980இல் தொடங்கி, பிறகு 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' ஆகி, 1988இல் முடிந்தது. ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் எழுதியது. அதில் ஒரு மருத்துவமனை வரும். நிர்வாகமும் மற்ற அலுவல்களும் பார்க்க ஐந்நூறு பேர். நோயாளி ஒருவர்கூட இல்லை. நோயாளியே இல்லாததால் அது நாட்டின் மிகச் சுத்தமான மருத்துவமனைகளில் ஒன்று என்று பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். அமைச்சர் ஜிம் ஹேக்கர் பதறுகிறார். அந்த ஐந்நூறு பேருக்கும் என்ன வேலை என்பதை அவருடைய துறைச் செயலாளர் சர் ஹம்ஃப்ரி ஒவ்வொரு துறையாக நிதானமாக விளக்குகிறார். ஹம்ஃப்ரியாக நடித்த நைஜல் ஹாதோர்ன் மூச்சு விடாமல் அந்த நீண்ட வாக்கியங்களைச் சொல்லி முடிக்கும்போது படப்பிடிப்பு அரங்கில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் சிரிப்பது நமக்குக் கேட்கும்.

அதே காட்சியை எங்கள் ஊரில் பார்ப்பவருக்குச் சிரிப்போடு இன்னொன்றும் தோன்றும். கோப்பு சுற்றில் இருக்கிறது, தெளிவுரை கேட்கப்பட்டிருக்கிறது, பரிசீலனையில் உள்ளது என்று எழுதி எழுதிப் பழகிய கை என்னுடையது. அந்த எழுத்துமுறை, அந்தக் குறிப்புத்தாள், மேலதிகாரிக்கு மேலதிகாரி என்று ஏறி இறங்கும் அந்தப் பயணம் எல்லாம் லண்டனிலிருந்து கப்பலேறி கோட்டைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவை. சர் ஹம்ஃப்ரியை லண்டன்காரர் ஒரு பாத்திரமாகப் பார்ப்பார். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். 2001இல் ஸ்டார் பிளஸ்ஸில் ஃபரூக் ஷேக் நடிக்க 'ஜி மந்திரிஜி' என்று இந்தியில் அது மறுபிறவி எடுத்தது. கதையை இந்திய மண்ணில் நடுவதற்கு அதிகம் மாற்றவேண்டியிருக்கவில்லை என்பதே எவ்வளவோ சொல்லும்.

'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' பற்றியும் இதையே சொல்வேன். ராய் கிளார்க் எழுதி, 1990 முதல் 1995 வரை வந்தது. பெட்ரீஷியா ரூட்லெட்ஜ் நடித்த ஹயசின்த், தன் குடும்பம் இருக்கும் நிலையை அக்கம்பக்கத்திலிருந்து மறைக்கப் படாதபாடு படுகிறார். நல்ல கோப்பையில் தேநீர், மெருகேற்றிய குரலில் தொலைபேசி, பணக்கார உறவினர் பெயர் பேச்சுக்குப் பேச்சு. எங்கள் தெருவில் இப்படிப்பட்டவர் இல்லாத வீடு எது? கௌரவத்துக்காக மூச்சுமுட்டும் மனிதர்களை இவ்வளவு அன்போடு காட்டிய எழுத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. அளவும் ஓர் அழகு. 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தம் பன்னிரண்டே எபிசோடுகள். சொல்ல வந்ததைச் சொன்னார்கள், நிறுத்திக்கொண்டார்கள். மெகாத் தொடர்கள் ஆயிரத்தைத் தாண்டி ஓடும் ஊரில் இருந்துகொண்டு அந்தக் கட்டுப்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை.

பீரியட் டிராமாக்களின் சுவை வேறு. 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' 1971 முதல் 1975 வரை 68 எபிசோடுகளில் ஒரே வீட்டின் மாடியையும் அடித்தளத்தையும் காட்டியது. மாடியில் எடுக்கும் முடிவு சமையலறையில் யாருடைய வாழ்க்கையைப் புரட்டுகிறது என்பதில் அதன் உயிர் இருந்தது. 2010இல் வந்த 'டவுன்டன் ஆபி' அதே பாதையில் நடந்த தொடர். ஹாம்ப்ஷயரின் ஹைகிளியர் மாளிகை அதன் வழியாகத்தான் உலகத்துக்கே தெரிந்த இடமானது. 1995இல் ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதையில் ஆறு எபிசோடுகளாக வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', பெண் பார்க்க வந்துபோவதன் பதற்றத்தைச் சிறுவயதிலிருந்தே அறிந்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் விளக்கமே தேவைப்படாத கதை.

இந்த மாளிகைகளைப் பார்க்கும்போது இவற்றைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எங்களுக்கு எழாமல் இருக்காது. 'விக்டோரியா' தொடரில் வந்த யார்க்ஷயரின் ஹேர்வுட் மாளிகை, கரீபியத் தீவுகளின் அடிமை உழைப்பிலிருந்து வந்த செல்வத்தில் எழுந்தது. அது தெரிந்தும் பார்க்கிறோம். தெரிந்து பார்ப்பதால் கூடுதலாகவே பார்க்கிறோம் என்றும் சொல்வேன். இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஆண்டுகளை வைத்து 1984இல் கிரனாடா நிறுவனம் தயாரித்த 'தி ஜுவல் இன் தி கிரௌன்' அதற்குச் சான்று. 14 எபிசோடுகள். உதய்ப்பூரிலும் மைசூரிலும் படம்பிடித்தார்கள். இங்கிலாந்தில் வளர்ந்து, அந்த நாட்டுப் பேச்சோடு இந்தியாவுக்குத் திரும்பி, எந்தப் பக்கத்துக்கும் ஆகாமல் நிற்கும் ஹரி குமாராக ஆர்ட் மாலிக்கும், அவனை வதைக்கும் போலீஸ் அதிகாரி மெரிக்காக டிம் பிகாட்-ஸ்மித்தும் நடித்ததை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அது ஆங்கிலேயரின் மனக்குமைச்சலைச் சொல்லும் தொடர், இந்தியர்கள் அதில் பாதிதான் பேசுகிறார்கள் என்று நான் குறை சொல்வேன். அந்தக் குறையைச் சொல்லவும் முதலில் பார்க்கக் கிடைக்கவேண்டும். எங்கள் மண்ணில், எங்கள் வரலாற்றை வைத்து எடுத்த ஒன்றை எங்கள் பிள்ளைகள் பார்த்து வாதாடட்டும்.

வெளிநாட்டுப் பார்வையாளருக்கு உங்கள் பெட்டகத்தின்மேல் ஓர் உரிமை உண்டென்றே நான் கருதுகிறேன். காரணம் சொல்கிறேன். 1978 வரை பிபிசி தன் பழைய நிகழ்ச்சிகளை அழித்துக்கொண்டிருந்தது. வீடியோ நாடா விலை அதிகம், வைக்க இடமில்லை, மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தங்கள் இடம்கொடுக்கவில்லை. 'டேட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் சீசனில் மூன்று எபிசோடுகள் அப்படிப் போனவை, இன்றுவரை கிடைக்கவில்லை. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக எடுத்த பிலிம் பிரதிகள் மட்டும் ஆங்காங்கே தப்பின. அழிந்ததாக எழுதிவைத்திருந்த 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைவுத் தொடரின் கதை ஒன்று 1991இல் ஹாங்காங்கில் கிடைத்தது. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையத்தில் அதே தொடரின் காணாமல்போன ஒன்பது எபிசோடுகள் கிடைத்ததை 2013இல் அறிவித்தீர்கள். லண்டன் தொலைத்ததை ஹாங்காங்கும் ஜோஸும் வைத்திருந்து கொடுத்திருக்கின்றன.

பணமும் அப்படித்தான். பாஸ்டனின் டபிள்யூஜிபிஹெச் நிலையம் 1971இல் பிரிட்டிஷ் தொடர்களைக் காட்டும் 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' நிகழ்ச்சியைத் தொடங்கியதிலிருந்து, உங்கள் பீரியட் டிராமாக்கள் பலவற்றில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் காசு கலந்திருக்கிறது. 2025இல் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு முன்பே 'வுல்ஃப் ஹால்' என்ற பீரியட் டிராமாவின் இரண்டாம் பாகத்தை எடுத்து முடிக்க, தானும் நாயகன் மார்க் ரைலன்ஸும் ஊதியத்தில் கணிசமான பகுதியை விட்டுக்கொடுத்ததாக இயக்குநர் பீட்டர் காஸ்மின்ஸ்கி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இத்தனை தரமான தொடருக்கே இந்த நிலைமை. ஒரு நாட்டின் நிதியை நம்பி நின்ற காலம் போய்க்கொண்டிருக்கும்போது, சின்னச் சின்னக் கட்டணத்தோடு வரிசையில் நிற்கும் பல நாட்டுப் பார்வையாளர்களை ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள்?

உரிமைச் சிக்கல் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. நடிகர்கள், எழுத்தாளர்கள், பின்னணியில் ஒலிக்கும் ஒரு பாட்டின் சொந்தக்காரர் வரை எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வாங்கமுடியாது. வாங்கியவற்றை முதலில் கொடுங்கள். இப்போதைய நிலை என்னவென்றால், ஒரு செயலியில் முதல் சீசன், இன்னொன்றில் மூன்றாவது, நடுவில் உள்ளது எங்கும் இல்லை. பாதி பார்த்திருக்கும்போது ஒப்பந்தம் முடிந்து தொடரே மறைந்துபோனதும் உண்டு.

சப்டைட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2008 முதல் பிபிசி தன் முதன்மைச் சேனல்களில் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் சப்டைட்டில் தருகிறது. காது கேளாதோருக்காக ஒழுங்காகச் செய்த அருமையான வேலை அது. அதே சப்டைட்டிலைத் தொடரோடு சேர்த்து வெளிநாட்டுக்கும் அனுப்புங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த எங்களுக்கும் யார்க்ஷயர் கிழவர்கள் மூவர் பேசுவது, கிளாஸ்கோ குடிகாரர் ஒருவர் புலம்புவது முழுதாகப் பிடிபடுவதில்லை. 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' போன்ற தொடரில் பாதி இன்பமே அந்தப் பேச்சில்தான். எழுத்து கீழே ஓடினால் நாலு முறை கேட்டபின் காது பழகிக்கொள்ளும்.

வெட்டுவதையும் நிறுத்துங்கள். விளம்பரமில்லாத சேனலுக்காக அரைமணி நேரம் எழுதியதை, விளம்பரத்துக்கு இடம் செய்ய இருபத்துச் சொச்சம் நிமிடமாகக் குறைத்தால், முன்னால் போட்ட முடிச்சு இருக்கும், பின்னால் அவிழ்வது இருக்காது. 'டவுன்டன் ஆபி' முதல் சீசனே பிரிட்டனில் ஏழு எபிசோடுகளாகவும் அமெரிக்காவில் நான்காகவும் போனது. இன்றைக்குத் தவறாகத் தெரியும் வசனங்களுக்காக வெட்டுவதும் வேண்டாம். 2020இல் 'ஃபால்ட்டி டவர்ஸ்' எபிசோட் ஒன்றை ஒரு சேவையிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப வைத்தார்கள். அந்தக் குறிப்பே போதும். ஆங்கிலம் கற்க வரும் இந்தியர், பாகிஸ்தானியர் எல்லோரையும் அச்சில் வார்த்ததுபோல் காட்டிய நகைச்சுவைத் தொடர் 'மைண்ட் யுவர் லாங்குவே'ஜைக் கோபத்தோடும் சிரிப்போடும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். எது அன்பு, எது ஏளனம் என்று பிரித்தறிய எங்களுக்குத் தெரியும்.

1941 முதல் 2017 வரை பிபிசியின் தமிழ் வானொலியான தமிழோசை சிற்றலையில் இங்கே வந்துகொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் உங்கள் குரலுக்கு இடம் கொடுத்து எழுபது ஆண்டுக்கு மேலாகிறது. பிபிசி எப்படி நடக்கவேண்டும் என்று வகுக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்த சாசனத்தில் பணம் எப்படி வரும் என்று பேசும்போது, வெளிநாட்டுச் சந்தாவை ஒரு ஓரக் குறிப்பாக வைக்காமல் முதல் பக்கத்திலேயே வையுங்கள். ஐடிவி போன்ற பிற பிரிட்டிஷ் நிறுவனங்களும் அதில் சேர்ந்துகொள்ளட்டும். இந்தியாவுக்கு மாதம் எத்தனை ரூபாய், இலங்கைக்கு எத்தனை ரூபாய், எந்தெந்தத் தொடர்கள் எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு பட்டியலை வெளியிடுங்கள். 'தி ஜுவல் இன் தி கிரௌ'னை அதில் முதல் மாதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

நம்பிக்கையுடன்,
சென்னையிலிருந்து ஒரு பார்வையாளர்