விளிம்பில் வெட்டிய எழுத்து

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய கண்காட்சிக் கையேடு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அப்பா அதை மாடி வீட்டாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கிருமிகளை வளர்த்துப் படம் செய்கிறாள் என்றதும் அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தார்களாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே நிறமுள்ள கிருமிகளை வளர்த்துப் படம் வரைந்தவர்தான் என்று சொல்லும்படி அப்பாவைத் திருப்பி அனுப்பினேன்.

ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. வெளியே வரும்போது முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவு.

கம்பளியும் வீட்டுத் தூசியும் கலந்து சின்னஞ்சிறு நுரையீரல்கள் செய்து, அவற்றில் கொல்லப்பட்ட காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வைச் சேர்த்த கலைஞர் அன்னா டுமிட்ரியுவைப் பற்றி நீ முன்பு எழுதியபோது, அவருடைய துணிச்சலை வியந்து பதில் போட்டேன். யாரோ ஒருத்தி செய்தது என்பதால் வியக்க முடிந்தது போலும்.

பதினேழாம் பக்கத்தில் நீ கிருமி வளர்க்கும் அகார்க் கூழை ஊற்றி, உள்ளங்கையைப் பதித்து வளர்த்திருக்கும் அந்த எவர்சில்வர் தட்டை எனக்குத் தெரியும். மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் விரல்களின் வடிவில் பூத்திருந்தாலும், விளிம்பில் வெட்டிய ‘செ’ மறையவில்லை. சென்ற தையில் வந்தபோது பரணில் ஏறி எதையோ தேடினாயே, அது இதற்குத்தானா? படத்துக்குக் கீழே ‘குடும்பத்திடமிருந்து பெற்றது’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. கையுறையை மட்டும் மறந்துவிடாதே.

உனக்கென்று தனித்தட்டு என்று ஆசைகாட்டி, கடையிலேயே நின்று அந்த எழுத்தை வெட்டச் சொன்னவள் நான். பதினொரு வயதில் ஆறு மாதம் நீ மாத்திரை விழுங்கினாய். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதென்று அழுதாய். நான் சித்தியிடம் நிமோனியா என்று சொல்லிவைத்தேன். இந்நோய் காற்றின் வழியே பரவுமே தவிரத் தட்டிலும் தம்ளரிலும் ஒட்டிக்கொண்டு பரவாது என்று பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்த அதே கையால்தான் உன் பாத்திரங்களைக் கொல்லைக் குழாயில் தனியே கழுவினேன். மருந்து சாப்பிடும் நோயாளி வீட்டிலேயே இருப்பதால் உடனிருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று நம் சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் 1950-களில் தொடங்கிய ஆய்விலேயே காட்டியதையும் படித்திருந்தேன். படித்தவளுக்கு ஊர்ப் பேச்சுதான் பெரிதாகத் தெரிந்தது. நீ ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

அந்தத் தட்டோடு வாங்கிய தம்ளர் இன்னும் பரணில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் இருபதாம் தேதி லண்டன் புறப்படுகிறான். வேண்டுமானால் எழுது, கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா