நிழலிலேயே நிற்கும் தொலைநோக்கி

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகள் இயற்பியல் எடுத்திருக்கிறாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மண்டபத்தில் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, நாட்டுப்படகு மட்டும் போய்வருகிறது, மீன் விலையைக் கேட்காதே.

ஆயிரம் கோடி டாலர் கொட்டி ஜேம்ஸ் வெப் என்று ஒரு விண்வெளித் தொலைநோக்கி தேவையா என்று கேட்டிருந்தாய். அது அனுப்பும் படங்களைவிட, அது தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும் விதம்தான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. முதல் விண்மீன் மண்டலங்களிலிருந்து கிளம்பிய ஒளி, பிரபஞ்சம் விரிய விரிய அதுவும் நீண்டு, நம்மை வந்து சேரும்போது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகிவிடுகிறது. சூடான எந்தப் பொருளும் அதே அகச்சிவப்பைத்தான் உமிழும், தொலைநோக்கியும்கூட. ராத்திரி வல்லத்தில் லைட்டைப் போட்டுக்கொண்டு தூரத்துக் கரையைத் தேடினால் என்ன தெரியும், அந்தக் கதைதான்.

அதனால் 2021 கிறிஸ்துமஸ் அன்று ஏவி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன், பூமி, நிலா மூன்றும் எப்போதும் ஒரே பக்கம் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மறைப்பு: டென்னிஸ் மைதானம் அளவுக்கு, முடியைவிட மெல்லிய ஐந்து தாள்கள், நடுவில் இடைவெளி விட்டு. ஒரு தாள் வாங்கிய சூடு அடுத்ததற்குப் போவதற்குள் பக்கவாட்டில் வெளியேறிவிடும். வெயில் பக்கம் 85 டிகிரி, ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி இருக்கும் பக்கம் மைனஸ் 233! ஒரு கருவிக்கு அதுவும் போதாமல் ஹீலியம் வைத்து மைனஸ் 266 வரை இறக்குகிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது, போ.

பலன் இல்லாமல் இல்லை. பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்கு 28 கோடி ஆண்டுக்குப் பிறகு இருந்த ஒரு விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. அவ்வளவு சீக்கிரத்தில் இப்படிப் பளிச்சென்று ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, இப்போது கணக்கையெல்லாம் திரும்பப் பார்க்கிறார்கள். முந்தைய ஹப்பிள் தொலைநோக்கி போல ஆள் போய்ப் பழுது பார்க்க வழியில்லை, அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

அப்புறம் மகளிடம் சொல், எடுத்த தரவையெல்லாம் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள், கல்லூரியில் இருந்தே இறக்கிப் பார்க்கலாம். ஆடியில் ஊருக்கு வருகிறீர்களா? டிக்கெட்டை இப்பவே போட்டு வை.

உன் மாப்ள