குண்டு பல்பு கொடுத்தனுப்பியவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

பல வருடம் சும்மா கிடந்த அப்பாவின் பழைய ஆம்ப், அதாவது ஸ்பீக்கர்களைப் பாடவைக்கும் ஆம்ப்ளிஃபையர், மறுபடி பாடுகிறது. இடது, வலது இரண்டும் ஒரே அளவில், கரகரப்பில்லாமல் பாடுகிறது. நடந்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். எங்களோடு சேர்ந்து நீங்களும் கவலைப்பட்டீர்கள், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. யார் செய்த எந்த உதவி எதனால் பலித்தது என்று எழுதிவைப்பதுதான் சரியான நன்றி என்று தோன்றுகிறது. பெரியவர்கள் விட்டுப்போன ஆம்ப் ஒன்றை இன்றைய ஸ்டீரியோவோடு சேர்க்க நினைக்கும் யாருக்கும் இது பயன்படும்.

முதல் நன்றி, 60 வாட் குண்டு பல்பு ஒன்றையும் ஒரு ஹோல்டரையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பியவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளே ஒரு துண்டுத்தாள் இருந்தது: “நேரா ப்ளக்ல சொருகிடாதீங்க. இத சீரிஸ்ல போட்டுப் பாருங்க.” மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகவே ஆம்புக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்று, ஐ.சி. போர்டு வாங்கிப் பொருத்து, விற்றுவிடு என்று யோசனைகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆம்ப் இன்று உயிரோடு இருப்பது அந்த ஒரு பல்பினால்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பல வருடம் கரண்டே ஏறாத ஆம்பில் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களின் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துபோயிருக்கும். முழு வோல்டேஜ் சட்டென்று ஏறினால் கசிவு கூடும், சூடேறும், சில சமயம் வெடிக்கும். எங்காவது ஒரு ட்ரான்சிஸ்டர் ஏற்கெனவே ஷார்ட் ஆகியிருந்தால், அது பக்கத்திலிருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. ஃபியூஸ் கம்பி உருகுவதற்குள், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும்.

குண்டு பல்பு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் எரியும் 60 வாட் பல்பின் இழை, சூட்டில் சுமார் 880 ஓம் காட்டும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆம்ப் குறைவாக மின்சாரம் இழுத்தால் பல்பு வழிவிடும். அதிகமாக இழுத்தால் பல்பு சூடேறித் தானே தடையாகிவிடும். ஆம்பின் உள்ளே முழு ஷார்ட்டே இருந்தாலும் கால் ஆம்பியருக்குச் சற்று மேல் போகாது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அதனுள்ளே இருப்பது எலக்ட்ரானிக் டிரைவர். இழையைப் போல அது தடையை மாற்றிக்கொள்வதில்லை.

சீரிஸ் போர்டு செய்வது எளிது. ப்ளக்கிலிருந்து வரும் ஃபேஸ் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், பல்பு ஹோல்டர் ஆகியவற்றை வரிசையாக வைத்து, சாக்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போகும். பல்பு ஃபேஸில்தான் வர வேண்டும். ஆம்பில் ஸ்பீக்கர் எதுவும் இணைக்கக் கூடாது. இன்புட் எல்லாவற்றையும் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு சுவிட்சைப் போடலாம்.

பல்பு சட்டென்று மின்னி, இரண்டு மூன்று விநாடிக்குள் மங்கி, இழை லேசாகச் சிவந்தோ தெரியாமலோ இருந்தால் நல்ல செய்தி. அந்த மின்னல், கண்டென்சர்கள் நிரம்பும்போது வருவது. பாதிக்கு மேல் எரிந்துகொண்டே நின்றால் எங்கோ அதிகமாக இழுக்கிறது. முழுப் பிரகாசம் என்றால் ஷார்ட். கிளாஸ் ஏ வகை ஆம்ப் மட்டும் விதிவிலக்கு. அது சும்மா இருக்கும்போதே நிறைய இழுக்கும் என்பதால், பல்பு எரிவதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்பு வோல்டேஜின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலே ‘க்ளிக்’ என்று விழாமலும் போகலாம்; அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீரிஸ் பல்பு ஆம்பைக் காப்பாற்றும், கையைக் காப்பாற்றாது. ஷாக் அடிக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் 40, 50 வோல்ட் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கக் கூடாது. 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலிலும் காப்பிட்ட கிளிப் ஒயரை மாட்டி, கண்டென்சரின் குறுக்கே ஒரு நிமிடம் பிடித்தால் 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சரே வடிந்துவிடும். பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

எங்கள் ஆம்பில் பல்பு முக்கால் பிரகாசத்தில் நின்றது. அதிலிருந்து பாதி பாதியாகக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை. டிரான்ஸ்ஃபார்மரின் வெளிவரும் பக்கத்துச் சுற்றை, அதாவது செகண்டரியை, கழற்றினால் பல்பு அணைய வேண்டும்; அணையாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரோ, மின்வழியின் குறுக்கே இருக்கும் கண்டென்சரோ காரணம். அணைந்தால் அடுத்து ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர், அதைச் சீராக்கும் ஃபில்டர். அதற்கடுத்து ஒவ்வொரு சேனலின் ஃபியூஸ். வலது சேனலின் ஃபியூஸைக் கழற்றியதும் பல்பு மங்கியது. கோளாறு ஒரு சின்ன பயஸ் ப்ரீசெட்டில். பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களில் ஓடும் சிறிய மின்சாரம்தான் பயஸ்; அதைத் திருகி அமைக்கும் சின்ன ரெசிஸ்டர் ப்ரீசெட். கார்பன் தடத்தின் மேல் ஊரும் அதன் நடுக்கால் தொடர்பு விட்டுப்போயிருந்தது.

ப்ரீசெட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது இங்கே முக்கியம். ட்ரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால். பயஸ் அளவை நிர்ணயிக்கும் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருந்து தொடர்பு விட்டால் பயஸ் குறையும். பாட்டு சற்றுக் கரடாகும், அவ்வளவுதான். பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் இருந்து விட்டுப்போனால் பயஸ் உச்சத்துக்குப் போய், அவுட்புட் ட்ரான்சிஸ்டர் இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துகொள்ளும். எங்களுடையது இரண்டாவது வகை. நேராக ப்ளக்கில் சொருகியிருந்தால் அந்த ஜோடி போயிருக்கும். பல்பு வோல்டேஜை இறக்கிப் பிடித்ததால் இரண்டும் பிழைத்தன. அந்த எண்ணுள்ள ட்ரான்சிஸ்டர்களை இப்போது தயாரிப்பதில்லை. பழைய எண்ணை அச்சடித்து, உள்ளே சிறிய சில்லு வைத்து விற்கும் போலிகள் ஏராளம். ஒரு பல்பு எதைக் காப்பாற்றியது என்று இதிலிருந்தே தெரியும்.

இந்தப் பல்பு இனி எளிதில் கிடைக்கும் பொருளும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 100 வாட் பல்புகளை 2009 செப்டம்பரிலும், 60 வாட்டை 2011 செப்டம்பரிலும், 40, 25 வாட்டை 2012 செப்டம்பரிலும் சந்தையிலிருந்து விலக்கத் தொடங்கியது. மற்ற நாடுகளிலும் குறைந்துகொண்டே வருகிறது. மின்சாரம் மிச்சமாவது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. கிடைக்காதவர்கள் ஹாலஜன் பல்பைப் போடலாம், அதுவும் இழைதான். ஓவனுக்குள் எரியும் 25, 40 வாட் பல்பும் சின்ன ஆம்புக்குப் போதும்.

அடுத்தவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உதவி சிறிதென்று அர்த்தமில்லை. சர்வீஸ் மேனுவலைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பியவர். பின்பக்க வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று முதல் கேள்வியாகக் கேட்டவர். மின்வழியின் குறுக்கே இருந்த பழைய காகிதக் கண்டென்சரை எக்ஸ்2 என்ற பாதுகாப்புத் தரத்தில் 275 வோல்ட் ஏ.சி. கண்டென்சராக மாற்றச் சொன்னவர். பல சுற்றுள்ள மூடிய ப்ரீசெட் இரண்டைத் தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். 100 வாட் பல்பை இரவல் தந்தவர். எல்லோருக்கும் நன்றி.

பயஸ் அமைக்கும் வேலையில் பொறுமையைக் கற்றுக்கொடுத்தவருக்கும் நன்றி. புது ப்ரீசெட்டைக் குறைந்தபட்ச பயஸில் வைத்து, முதலில் 60 வாட் பல்பு, பிறகு 100, அதன் பிறகே நேரடி மின்சாரம். கடைசி அளவை நேரடி மின்சாரத்தில்தான் வைக்க வேண்டும், பல்போடு வைத்தால் தவறாகிவிடும். அவுட்புட் ட்ரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் உள்ள ரெசிஸ்டர் 0.33 ஓம், மேனுவல் கேட்பது 30 மில்லி ஆம்பியர் என்றால், ரெசிஸ்டரின் குறுக்கே சுமார் 10 மில்லி வோல்ட் வர வேண்டும். 15 நிமிடம் சூடாக விட்டு மறுபடி பார்த்துத் திருத்த வேண்டும். மீட்டர் முனையைக் கையால் பிடிக்காமல் கிளிப் போட்டு மாட்டச் சொன்னார். முனை வழுக்கி அடுத்த காலைத் தொட்டால் அதுவரை செய்த வேலை எல்லாம் வீண். அதன் பிறகு ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. ஆஃப்செட், அதாவது பாட்டு இல்லாதபோதும் அங்கே நிற்கும் டி.சி. வோல்டேஜ்: 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, 100ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும், வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது.

குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் காணாமல் போய், வால்யூமைத் திருகினால் திரும்பி வந்ததே, அது ரிலே தொடுமுனைகளின் கறை என்று சட்டென்று சொன்னவருக்குத் தனி வணக்கம். உப்புத்தாளால் தேய்க்க விடவில்லை. மேற்பூச்சு போய்விடும் என்றார். அதே காயில் வோல்டேஜில் புது ரிலே போட்டதும் சரியானது. ஆம்பின் முன்பகுதி சிக்னல் வெளிவரும் ‘ப்ரீ அவுட்’, அது பவர் பகுதிக்குள் போகும் ‘மெயின் இன்’ என்ற சாக்கெட்டுகளை இணைக்கும் வளைந்த உலோகத் துண்டுகளும் இதே போல ஏமாற்றும். கறுத்திருந்தால் கழற்றித் துடைக்க வேண்டும், தொலைந்திருந்தால் சின்ன ஆர்.சி.ஏ. கேபிள் போதும்.

இனி இன்றைய கருவிகளோடு சேர்ப்பது. பழைய ஆம்பில் வெளிக் கருவிகளுக்கான ‘ஆக்ஸ்’ இன்புட் சுமார் 150 மில்லி வோல்ட்டுக்கே முழுச் சத்தம் தரும்படி செய்யப்பட்டது. சி.டி. ப்ளேயரும், டிஜிட்டலை ஒலி சிக்னலாக்கும் டி.ஏ.சி.யும் முழு அளவில் தருவது 2 வோல்ட். பதின்மூன்று மடங்கு! அதனால் குமிழை லேசாகத் தொட்டாலே வீடு அதிர்கிறது. அந்த அடிப்பகுதியில்தான் பழைய வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு தடங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், பாட்டு ஒரு பக்கம் சாய்கிறது. ஆம்ப் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான்.

இதற்குத் தீர்வு சொன்னவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்: ஒவ்வொரு சேனலிலும் வரிசையில் 10 கிலோ ஓம், சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம், ஆம்ப் பக்கத்து ப்ளக்கிலேயே. சிக்னல் கால் பங்காகிறது, 12 டெசிபல் குறைகிறது, குமிழ் நடுப்பகுதிக்கு வருகிறது, இரண்டு பக்கமும் சமமாகிறது. ரெக்கார்ட் ப்ளேயருக்கான ‘ஃபோனோ’ இன்புட்டில் மட்டும் இவை எதையும் சொருகக் கூடாது. அது 2.5 மில்லி வோல்ட்டுக்கானது, ஒலியும் ரெக்கார்டுக்கென்றே உள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவில் உருமாறி, சிதைந்து வரும். உள்ளேயே ப்ரீஆம்ப் உள்ள ரெக்கார்ட் ப்ளேயர் என்றால் ‘ஆக்ஸ்’தான் அதன் இடம்.

‘டேப் மானிட்டர்’ பட்டன் உள்ளே அழுந்தியிருந்தால் டேப் இன்புட்டைத் தவிர வேறெதுவும் பாடாது என்று நினைவூட்டியவருக்கும், சப்ஊஃபரை ‘ப்ரீ அவுட்’டில் மாட்டும்போது ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளால் சிக்னலை ‘மெயின் இன்’னுக்கும் திருப்ப வேண்டும் என்றவருக்கும், ஏ, பி இரண்டு ஸ்பீக்கர் ஜோடியையும் ஒன்றாகப் போட்டால் பெரும்பாலான ஆம்பில் 8 ஓம் 4 ஓம் ஆகிவிடும் என்று எச்சரித்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். டி.வி.யை இணைத்ததும் வந்த ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலுக்கு எர்த் பின்னைக் கழற்றும் யோசனையைத் தடுத்தவருக்கு மிகப் பெரிய நன்றி. ஆப்டிக்கல் கேபிளும் ஒரு சின்ன டி.ஏ.சி.யும் போட்டதும் இரைச்சல் நின்றது. ஒளி இழை வழியே கிரவுண்ட் ஓடாது.

இனிமேல் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஆஃப்செட், பயஸ், பவர் சப்ளை வோல்டேஜ் மூன்றையும் தேதி போட்டு எழுதி மூடியின் உட்புறம் ஒட்டியாயிற்று. வருடத்துக்கு ஒரு முறை அளந்து, அதன் கீழே அடுத்த வரியை எழுதுவேன். ஆம்பின் மேலே எதையும் வைக்கப் போவதில்லை, காற்றுக்கு 15 சென்டிமீட்டர் இடம் விட்டிருக்கிறேன்.

சீரிஸ் போர்டு என்னிடம் இருக்கிறது. பழைய ஆம்ப், ரேடியோ எது கைக்கு வந்தாலும், சுவிட்சைப் போடுவதற்கு முன் கேளுங்கள், கொடுத்தனுப்புகிறேன். 100 வாட் பல்பை உரியவருக்குத் திருப்பிவிட்டேன். வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று சும்மா கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாமல் எனக்குச் சொல்லுங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்.