கெமிஸ்ட்ரி லேப் சாவி வச்சிருக்கிற சார், மிஸ் எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பிளஸ் டூ படிக்கிறப்ப ஆக்சாலிக் ஆசிட் டைட்ரேஷன்ல, அதாவது கலர் நிக்கிற வரைக்கும் ஒரு கரைசல சொட்டு சொட்டா விட்டு அளக்கிற சோதனையில, கடைசி சொட்டு பர்மாங்கனேட் (ஊதா கலர் கரைசல்) விழுந்து இளம் பிங்க் அப்படியே நின்னுச்சு, இவ்ளோ நேரம் மறைஞ்சுட்டே இருந்த கலர் இப்ப மட்டும் ஏன் மறையலன்னு கேட்டேன், "ரீடிங்க எழுது, நேரமாச்சு"ன்னாங்க. எழுதிட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சுதான் அந்த ஃப்ளாஸ்க்குக்கு பின்னாடி இருந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுது. சர்க்கரையில நைட்ரிக் ஆசிட் ஊத்தி ஆக்சாலிக் ஆசிட் எடுத்தவர், பர்மாங்கனேட்ல இருக்கிற மாங்கனீசு ஒரு தனி உலோகம்னு 1774-லயே சொன்னவர், ரெண்டும் ஒரே ஆளு: கார்ல் வில்ஹெல்ம் ஷீலே.

காலேஜ் பக்கமே போகாதவர் அவர். 1757-ல 14 வயசுல ஸ்வீடன்ல கோத்தன்பர்க் ஊர்ல ஒரு மருந்துக்கடையில வேலை பழக சேர்ந்தார். கடை ஓனர் பௌக். பையன் ராத்திரியெல்லாம் பெரிய பெரிய கெமிஸ்ட்ரி புக்கா படிச்சுட்டு, அதுல இருக்கிறத கடையில இருக்கிற சரக்க வச்சே செஞ்சு பாக்குறான், உடம்பு கெட்டுடுமோன்னு அவர் கவலைப்பட்டார், ஆனா ஜாடிய புடுங்கி பூட்டி வைக்கல. எனக்கு இதுதான் முக்கியமா படுது.

அதுக்கப்புறம் அந்தக் கையில என்னெல்லாம் வந்துச்சு பாருங்க. புளிச்ச பால்ல இருந்து லாக்டிக் ஆசிட், எலுமிச்சையில சிட்ரிக், ஆப்பிள்ல மாலிக், ஆலிவ் எண்ணெயில கிளிசரின். மாங்கனீசு தாதுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்துனா மூச்சு முட்டுற மாதிரி மஞ்சப்பச்சை வாயு வந்துச்சு, வேற யாரா இருந்தாலும் ஜன்னல திறந்துட்டு ஓடியிருப்பாங்க, அவர் அதுக்குள்ள பூவையும் இலையையும் வச்சு கலர் போறத பாத்தார். குளோரின் அது. ஆக்சிஜன இங்கிலாந்து விஞ்ஞானி பிரீஸ்ட்லிக்கு முன்னாடியே எடுத்துட்டார், புக் அச்சாகி வர 1777 ஆயிடுச்சு, பேர் பிரீஸ்ட்லிக்கு போயிடுச்சு.

ஆபத்து இல்லன்னு நான் சொல்லல. எதைக் கண்டுபிடிச்சாலும் மோந்து பாத்து நாக்குல வச்சு பாக்குற பழக்கம் அவருக்கு, கொடிய விஷமான ஹைட்ரஜன் சயனைடோட ருசியக்கூட எழுதி வச்சிருக்கார், 1786-ல சாகறப்ப வயசு 43 தான். பாதரசம், ஆர்சனிக்னு வருஷக்கணக்கா புழங்குனதும் காரணமா இருக்கலாம். அதனால கண்ணாடி போட சொல்லுங்க, வாயில வைக்காதன்னு கண்டிப்பா சொல்லுங்க. ஆனா அந்த பயத்த காட்டி, ரிக்கார்டு நோட்ல இருக்கிற ஆன்சர் வந்தா போதும்னு புள்ளைங்க கையக் கட்டிடாதீங்க, ப்ளீஸ்.

மாசத்துல ஒரே ஒரு பீரியட் மார்க் இல்லாம விடுங்க. ஷீலே எலுமிச்சை சாறுல சுண்ணாம்புக்கல் தூளப் போட்டுதான் சிட்ரிக் ஆசிட பிரிக்க ஆரம்பிச்சார், நம்ம புள்ளைங்களுக்கு முட்டை ஓட்டுத்தூளே போதும், அதுவும் அதே கால்சியம் கார்பனேட்தான். நுரை அடங்குனதும் வடிகட்டி, தெளிஞ்ச சாற சூடு பண்ண சொல்லுங்க. வெள்ளையா ஏதாவது படிஞ்சுதுன்னா சூட்டுல கரையறதுக்கு பதிலா ஏன் படியுதுன்னு ஒருத்தராவது கேப்பாங்க. அப்ப பக்கத்துல ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க சார்.