ரோடியர் மில்லைப் படமெடுக்க வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், அதாவது புதுச்சேரி ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை, 2020 ஏப்ரலோடு மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே, 2011 டிசம்பரில் வந்த தானே புயல் கட்டடங்களைப் பதம் பார்த்திருந்தது. கடலூர் சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. சுவர் விரிசலில் அரசங்கன்று வேர்விட்டு, செங்கல்லைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சுண்ணாம்புப் பூச்சு கையை வைத்தாலே பொலபொலவென உதிர்கிறது.

இந்த ஊர் ஆலைகள் வெறும் கட்டடங்கள் அல்ல. 1936 ஜூலை 30-இல் இங்கே பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரை விட்டார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது.

பழைய மில்லைப் படமெடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் பலர். சிலர் சுவரேறிக் குதிக்கிறார்கள். ஆர்வம் புரிகிறது, ஆனால் துருப்பிடித்த தகரக் கூரைக்கடியில் தனியாகப் போவது உயிருக்கே ஆபத்து. அதைவிட, உறுதியான பகுதிகளை மட்டும் குறித்து, பழைய தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்து, மாதம் ஒரு நாள் அரசே அனுமதிக்கலாமே? ஸ்பின்னிங் எங்கே, தறி எங்கே, சங்கு ஊதியது எங்கே என்று அவர்தான் காட்ட முடியும். எடுக்கும் படங்களில் ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மழைக்காலத்துக்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முதலியார்பேட்டை