ஓல்ட் ஸ்பைஸ் ஆராய்ச்சி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சவரத்துக்குப் பின் தடவும் நம் ஓல்ட் ஸ்பைஸின் வாசனை "பழையபடி இல்லை, எதையோ மாற்றிவிட்டான்கள்" என்று நீ புலம்பியதைப் படித்ததிலிருந்து எனக்கும் அதே பைத்தியம். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை!

அமெரிக்காவின் ஷல்ட்டன் கம்பெனி 1937-இல் ஓல்ட் ஸ்பைஸ் என்ற பெயரில் முதலில் பெண்களுக்கானதைத்தான் கொண்டுவந்தது. ஆண்களுக்கானது மறு வருடம். 1990-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது. அப்போதுதான் வாசனை கெட்டது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஃபார்முலா கம்பெனி ரகசியம்; லேபிளில் 'பெர்ஃப்யூம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் 2005 முதல், ஒவ்வாமை தரக்கூடிய சில வாசனைப் பொருள்கள் (முதலில் 26, பிறகு இன்னும் கூட்டினார்கள்) அளவு மீறினால் பெயர் போட்டாக வேண்டும். யூஜெனால் என்று இருந்தால் கிராம்பு வாசனை என்று பிடித்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய புட்டிகளுக்கு மூக்குதான் சாட்சி.

அந்தச் சாட்சி சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. திறக்காத புட்டியிலும் வருடக்கணக்கில் எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகள்தான் முதலில் போகும். பட்டையும் வெனிலாவும் தங்கிவிடும். அதை முகர்ந்துவிட்டு 'அந்தக் காலத்துச் சரக்கு கனம்' என்றால், கனம் ஃபார்முலாவுடையதா, வயதுடையதா?

சில வாசனைப் பொருள்களைக் கைவிட வேண்டிய கட்டாயமும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். மஸ்க் அம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி முன்பெல்லாம் பல ஆஃப்டர்ஷேவ்களில் இருந்தது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குக் கன்னம் தடித்துச் சிவந்தது. 1995-இல் ஐரோப்பா தடை போட்டது. உன் அண்ணன் போடுவாரே புரூட், அந்த வகைக்கு உயிரான ஓக்மாஸிலும் (ஓக் மரத்தில் படரும் பாசி மாதிரியான ஒன்று) பிறகு கை வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கோவாவில் தயாரான நம் ஊர்ப் புட்டியை அமெரிக்காவில் சிலர் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஷல்ட்டன் வாசனை இதில்தான் மிச்சமாம்! அவர்கள் ஊரில் புட்டியே பிளாஸ்டிக் ஆகிவிட்டது.

உன் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த புட்டி இன்னும் அலமாரியில்தானே இருக்கிறது? தூக்கிப் போட்டுவிடாதே. முகவரியில் ஜிப் கோட் (நம் பின்கோடு மாதிரி) இருந்தால் 1963-க்குப் பிந்தியது. அட்டைப்பெட்டியில் பார்கோடு இருந்தால் 1974-க்கும் பிந்தியது. எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்பு.

அப்புறம், பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா? இந்த முறையாவது தெளிவாக எழுது.

அன்புடன்,
ராஜு